ஓடைக்கு இந்தப் பக்கம்

ஓடைக்கு இந்தப் பக்கமே
வண்டியை நிறுத்திவிட்டான் கிளெமன்ட்.
தண்ணீரில்லாத ஓடை.
வேலி இல்லை, பலகை இல்லை.
அக்கரையிலும் இதே செம்மண்,
இதே முள்புல்.

சாவு வீட்டுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்.
அங்கே பெண் கட்டியவன்
நோரீனின் தம்பி.
அவன் பெயரை இனி நாங்கள் சொல்வதில்லை.
பின்னிருக்கையில் மாவு மூட்டை, தேயிலை,
நோரீனின் அழாத முகம்.

பச்சை இலை போட்டுப் புகை எழுப்பினோம்.
புகை கடந்து போனது.
நாங்கள் மணலில் உட்கார்ந்தோம்.

சுரங்கக் கம்பெனி லாரி ஒன்று
ஹாரன் அடித்து, ஒதுங்கி,
ஓடையில் இறங்கி ஏறிப் போனது.
டிரைவர் கையசைத்தான். நல்ல பையன்தான்.
அவனிடம் காகிதம் இருக்கும்,
பெர்த்தில் குத்திய முத்திரையோடு.
புழுதி அடங்க வெகுநேரமாயிற்று.

நோரீன் ஒருமுறை அக்கரையைப் பார்த்தாள்.
பிறகு தன் கால்விரல்களை.

இருட்டும்போது அங்கிருந்தும் ஒரு புகை.
அப்புறம் டார்ச் வெளிச்சம்.
"யாரது?"
தெரிந்தே கேட்டது குரல்.
கிளெமன்ட் எங்கள் மண்ணின் பெயரை முதலிலும்
எங்கள் பெயர்களைப் பின்னாலும் சொன்னான்.

"வாங்க."

இறங்கி, ஏறி,
அந்த மண்ணில் கால் பட்ட பிறகுதான்
நோரீன்
வாய்விட்டு அழுதாள்.