பதினெட்டே கால்

பள்ளியில் பெயர் வாசித்தார்கள்.
பவித்ராவுக்கு ஆஸ்பத்திரி, நிலோபருக்கு ஜவுளிக் கடை.
எனக்கு அம்மாபேட்டை
மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடம்.
பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
பத்து நாள், எண்பது மணி நேரம்,
உள்ளுறைப் பயிற்சி என்று பேர்.

முதல் நாள் வருகைப் பதிவேடு.
இரண்டாம் நாள் எண்ணெய்த் துணியும் துருவும்.
பொறுப்பாளர் குணசீலன் சாவியைக் கொடுத்துவிட்டு
வார்டு ஆபீசுக்குப் போனவர்தான்.
தகரக் கூரை
வெயிலில் டக் டக்கென்று நெட்டி முறித்தது.

துடைத்து அடுக்கும்போது
இருபது என்று வார்த்த நான்கு வட்டுகளில்
மஞ்சள் பெயின்ட் தெறித்த ஒன்று மட்டும்
சட்டென்று கைக்கு வந்துவிட்டது.
மற்ற மூன்றும்
என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தவை.

எங்கள் வீட்டில் கொலுசுக்குப் பற்றவைக்கிறார்கள்.
வாங்கிய வெள்ளி இத்தனை கிராம்,
திருப்பியது இத்தனை.
நடுவில் காணாமல் போவது எங்கள் கணக்கில்.
அரப்பொடியைக்கூடக் கோழி இறகால் கூட்டி
நிறுத்து வைப்பார் அப்பா.
அந்த வீட்டுக் கை இது. சும்மா இருக்காது.

ஆள் ஏறும் மெஷினில் வட்டை ஏற்றினேன்.
பதினெட்டே கால்.
மெஷின் பொய் சொல்லலாம்.
பெண்கள் நேரத்துக்கு வரும் சித்திரைக்கனி அக்கா
உழவர் சந்தையிலிருந்து நேரே வருபவள்,
கூடையில் தக்காளி போக மிச்சம் தராசு.
அதிலும் ஏற்றினோம்.
பதினெட்டே கால்.
"கடைக்காரன் நமக்கே நிறுத்துட்டானே" என்றாள்,
சிரித்துச் சிரித்து
அன்றைக்கு அவள் ஒரு ஸ்குவாட்கூடச் செய்யவில்லை.

சாயங்காலம் தாண்டவன் வருவார்.
லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர்.
கம்பியோடு சேர்த்து நூறு கிலோ
தூக்கிக் காட்டியது அவர் ஒருவர்தான்.
பையன்கள் போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.
மஞ்சள் புள்ளி வட்டு அவருக்கு ராசி.
எப்போதும் இடப்பக்கம் அதைத்தான் மாட்டுவார்.

பதிவேட்டை மூடி வைத்தேன். திறந்தேன்.
'உபகரணங்களின் நிலை' என்றொரு கட்டம்,
மற்றவர்கள் எல்லாம் 'நன்று' எழுதிவிட்டுப் போன கட்டம்.
நான் எழுதினேன்: வட்டு 3, 18.250.

சொன்னதும் அவர் முகம் பார்க்கப் பயமாயிருந்தது.
நூறில் ஒன்றே முக்கால் போய்விட்டது அல்லவா.
அவரோ
வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
இரண்டு வருடமாக அந்தப் பக்கம்தான் பின்தங்கும்.
தைலம், ஒத்தடம்,
சித்தர்கோயில் பக்கம் ஒரு கட்டு வைத்தியர்,
ஒன்றும் கேட்கவில்லை.
"அப்போ இந்தக் கை சோடையில்லையா, பாப்பா?"
இல்லைங்க.
"சும்மாவே திட்டிட்டிருந்தேன் இத" என்றார்,
தோளிடம் சொன்னாரா என்னிடமா தெரியவில்லை.

புது வட்டு கேட்டு மனு போட
குணசீலன் சாரிடம் லெட்டர்பேடு இல்லை.
மறுநாள் சித்திரைக்கனி அக்கா
பரணில் கிடந்த எடைக்கற்களைக் கொண்டுவந்தாள்:
ஒரு கிலோ, அரை, கால்.
சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினோம்.
பார்க்க அசிங்கம்.
தூக்கும்போது உள்ளே சலங்கை மாதிரி ஏதோ பேசியது.
தாண்டவன் முட்டிவரை கொண்டுவந்து இறக்கினார்.
மறுபடி. மூன்றாவதில்
கம்பி தரைக்கு நேராக நின்றது.
போனை எடுக்கப் பையன்களுக்கு நேரமில்லை.

கடைசி நாள் சான்றிதழ்.
என் பேரில் 'ழ' போய் 'ல' வந்திருந்தது:
'கயல்விலி'. பேனாவால் திருத்தினேன்.
அதன் கீழே: எண்பது மணி நேரம் நிறைவு.
நடுவில் ஆடிப் பண்டிகைக்கு
ஒரு நாள் ஊரே பூட்டிக் கிடந்தது.
எட்டு குறைகிறது.
சாரிடம் சொன்னேன்.
"அட, யாரு நிறுக்கப் போறாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப்
போய் நின்றேன்.
சாவி இன்னும் என்னிடம்தான் இருந்தது.