மேற்பார்வையின் கீழ்

நாரஹேன்பிட்டியில் நாலாம் மாடி.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஏறி வந்து கதிரைகளில் விழுந்தவர்கள் ஒன்பது பேர்,
என்னோடு பத்து.
என்னைச் சேர்த்து எண்ணும் வழக்கம் இல்லை,
நான் தமிழாக்குபவள்.

உளவியல் உதவியாளர் எனப்படுபவர்
என்ன படித்திருக்க வேண்டும்?
காலையில் இருந்து இது ஒன்றுதான் கேள்வி.

பட்டம், என்றார் விக்கிரமதிலக.
டிப்ளோமா போதும் என்றார் ஃபர்ஸானா,
பட்டதாரி ஒருவர் அந்தச் சம்பளத்துக்கு
மொனராகலைக்குப் போவாரா?
நேரடிப் பயிற்சி அறுநூறு மணித்தியாலம் என்றது ஒரு குரல்,
ஆயிரம் என்றது இன்னொன்று.
மீன் சந்தையில்போல இழுபட்டு
எண்ணூறில் வந்து நின்றது.
பிளேன்டீ வந்தது.

எழுதினேன்:
"எண்ணூறு மணித்தியாலங்கள், மேற்பார்வையின் கீழ்."
மேலே நின்று பார்ப்பவர் ஒருவர்,
கீழே நின்று செய்பவர் ஒருவர்.
பக்கத்துக் கதிரையில் இருந்து பார்ப்பதற்கு
சொல் உண்டா என்று கேட்டேன்.
சொற்றொகுதியில் இருக்கிறதைப் போடுங்கோ
என்றார் செயலாளர்.

பிலோமினாவைப் பகலுக்குப் பிறகு கூப்பிட்டார்கள்.
கொட்டாஞ்சேனை. சாதாரண தரம்.
கடல் வந்து போன வருடம்
இரண்டு கிழமைப் பயிற்சி.
அந்தச் சான்றிதழை லேமினேட் பண்ணிக்
கொண்டுவந்திருந்தா.
ஓரத்தில் காற்றுப் புகுந்து
கையெழுத்து மட்டும் மஞ்சளித்திருந்தது.

ஃபர்ஸானா நல்ல மனசோடுதான் சொன்னார்:
பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தோருக்கு
விலக்கு அளிப்போம்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நான் விலக்கு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

வேண்டாம், என்றா பிலோமினா.

மட்டக்குளிக் கிளினிக்குக்கு ஒரு பொடியன்,
ஹார்பரில் வேலை.
ஐந்து தரம் வந்தவன்.
ஆறாம் தரம் சிரித்துக்கொண்டு வந்தான்,
இப்ப நித்திரை வருது அக்கா என்றான்,
தன்ர மணிக்கூட்டைத் தம்பிக்குக் குடுத்திட்டன் என்றான்.
நான் கொப்பியில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன்.
வெள்ளிக்கிழமை.
டொக்டர் வாறது மாசத்தில் ஒருக்கா.
அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்ல,
ஆனா கேட்கிறதுக்கு ஆளில்லை.
திங்கட்கிழமை

அதோடு நிறுத்தினா.
நான் சிங்களத்தில் சொன்னேன்,
அவ நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினேன்.
ஏசி இரைந்தது.

மணிக்கூட்டைக் குடுத்தால் என்ன அர்த்தம் எண்டு
எனக்கு யாரும் படிப்பிக்கேல்ல.
படிப்பியுங்கோ.
பிறகு ஒரு போன் நம்பர் தாங்கோ,
வெள்ளிக்கிழமை பின்னேரம் அடிச்சாலும்
எடுக்கிற நம்பர்.

போன் நம்பரை வர்த்தமானியில் போட ஏலாது
என்றார் தலைவர், மெதுவாக.
ஒரு மணித்தியாலம் கதைத்து இப்படி ஆக்கினோம்:
"மேற்பார்வையாளர் எவ்வேளையிலும்
தொடர்புகொள்ளத்தக்கவராய் இருத்தல் வேண்டும்."
விலக்கை வெட்டினார்கள்.
டிப்ளோமாவுக்கு உயர்தரம் அவசியம் என்ற வரி
அப்படியே இருந்தது.
பிலோமினாவுக்கு ஐம்பத்து மூன்று வயது.
அந்த வரியையும் நான்தான் அவவுக்கு
வாசித்துக் காட்டினேன்.

பஸ்ஸில் பக்கத்துச் சீற்.
ஏ.எல். எந்த வயசிலயும் எடுக்கலாமோ?
பிரைவேட்டாக எடுக்கலாம் என்றேன்.
மூன்று பாடம் என்ன... என்று
விரல் மடிக்கத் தொடங்கினா,
முதல் விரலிலேயே போன் அடித்தது.

சொல்லுங்கோ, என்றா.
பைலாச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
இறங்குமிடம் வரமுதலே
பொரளையில் பாய்ந்து இறங்கினா.
மலர்ச்சாலை வாசலில்,
ஒரு காதை விரலால் பொத்தியபடி,
குனிந்து, யாருக்கோ
ம்ம்
ம்ம் என்று தலையாட்டிக்கொண்டு.

பஸ் எடுத்தான்.
அவவுடைய மிச்சக் காசு எழுபது ரூபாவை
கொண்டக்டர் என் கையில் வைத்தான்.
கொடுக்க நம்பர் வாங்கவில்லை.
நாலாம் வரைவின் மடிப்புக்குள்
இன்னும் கிடக்கிறது.