கணக்குத் தலைப்பு

நெல்லிமுடி ஓடைப் பாலத்துக்கு
ஆறு மீட்டர் நீளம், இரண்டு கண்.
சேலத்திலிருந்து ஏறி வருகிறவர்கள்
ஏற்காடு ஏரியில் படகு விட்டு
மிளகு வாங்கித் திரும்பிவிடுவார்கள்.
அது இன்னும் பதினொரு கிலோமீட்டர் தள்ளி,
சில்வர் ஓக் முடிந்து பலா தொடங்கும் இடத்தில்.

உதவிப் பொறியாளராக முதல் தடவை போனபோது
மேற்குக் கண்ணின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று,
சுண்டுவிரல் தடிமன்.
பிடுங்கியிருக்கலாம்.
வேரோடு கல்லும் வந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்.
படிவத்தில் எழுதினேன்:
தாவர வளர்ச்சி உள்ளது, அகற்றிப் பூச வேண்டும்,
மதிப்பீடு நாற்பத்திரண்டாயிரம்.

மறு ஆண்டு அது என் மணிக்கட்டு.
நிதி ஒதுக்கீடு பெறப்படவில்லை.
அதற்கடுத்த ஆண்டு முழங்கை.
மதிப்பீடு மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்
என்று பச்சை மையில், அழகான கையெழுத்தில்.
மரத்துக்கு நிதியாண்டு கிடையாது.
மழைக்கு மழை வளர்ந்தது.

அந்த மே மாதக் கோடை விழாவில்
பூவால் ஒரு பாலம் கட்டினார்கள்.
ஓசூரிலிருந்து லாரியில் வந்த ரோஜா,
கார்னேஷன், ஜெர்பரா,
முப்பதடி.
உறுப்பினர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.
கூட்டம் தடுக்கும் கயிற்றின் ஒரு முனை என் கையில்.
ஆறாம் நாள் அள்ளிக் கொட்டினார்கள்,
மலைக்கே பூ நாற்றம்.
எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.
ஒப்பந்ததாரர் செங்கோட்டுவேல் சிரித்தார்:
"அது வேற தலைப்புங்க மேடம்."

வேறு தலைப்பு.
விழாத் தலைப்பில் இருக்கும் பணம்
பராமரிப்புத் தலைப்புக்கு நடந்து வராது.
நடுவில் ஓர் ஓடை.
அதற்குப் பாலம் இல்லை.

பிறகு உறுப்பினர் அந்த வழியாக
ஒரு காதுகுத்துக்குப் போகிறார் என்று தகவல்.
ஒரே இரவில் கைப்பிடிச் சுவருக்குக் கறுப்பு மஞ்சள்.
அரசமரத்தை வெட்டி
அடிக்கட்டைக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள்.
வேர் உள்ளே இருந்தது.
அந்த ஆண்டுப் படிவத்தில்
'நிலை' என்றொரு கட்டம்.
மேலிருந்து போன் வந்தது.
திருப்தி என்று எழுதினேன்.
நாலு எழுத்து.

ஐப்பசி.
காபிப் பழம் பறிக்க ஆள் ஏற்றிப் போன பிக்கப்.
மேற்குக் கண் சத்தமில்லாமல் உட்கார்ந்ததாம்,
சத்தம் பிறகுதான்.
ஓட்டிய மாதேசன் திரும்பவில்லை.
இருசாயிக்கு இடுப்பு.
திறப்புக் கல் மட்டும் ஒரு கீறல் இல்லாமல்
ஓடையில் மல்லாந்து கிடந்தது,
திறந்து வைத்தவர்,
முன்னிலை வகித்தவர்,
வரவேற்றவர், எல்லாரும் பெயரோடு.
மூடி வைத்த கோப்பில் யார் பெயரும் இல்லை,
பதவிகள்தான்.

ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணை.
இயற்கைச் சீற்றம் என்றார் உறுப்பினர்.
முன்பிருந்தவர்கள் விட்டுப்போனது என்றது ஒரு கடிதம்,
பின்பு வந்தவர்கள் செய்யாதது என்றது இன்னொன்று.
இரண்டு கடிதத்துக்கும் ஒரே தட்டச்சர்.

என் படிவத்தை உரக்கப் படித்தார்கள்.
கடைசி வரிசையில் தடியூன்றி எழுந்த இருசாயி
நிவாரணம் பற்றிக் கேட்பாள் என்று
தாசில்தார் தாளைத் தயாராக எடுத்தார்.
அவள் கேட்டது:
"அந்தத் திருப்தி யாருக்குங்க?"

ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ தண்ணீர் குடித்தார்கள்.

'பொறுப்பு' என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்,
பதவியை அல்ல, பெயரை.
எழுதுபவர் அதோடு பேனாவை மூடப் போனார்.
மூடாதீங்க,
ஏழு வருஷத்துக் கோப்பு இது,
அந்தப் பச்சை மை யாருடையது என்று பாருங்கள்,
போன் செய்தவருக்கும் சொல்லச் சொன்னவர் உண்டு
என்றேன்.
கட்டத்தில் இடம் இல்லையே என்றார்.

தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது என்றேன்.