சைடு ஸ்டாண்டுக்குக் கீழே

ஜெலுத்தோங் மாமாக் கடையில்
நான்கு ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒரு நாற்காலி.
மழை இதோ விட்டுவிடும் என்று
பத்து மணியிலிருந்து சொல்கிறான் ஆரோக்கியம்.
மழை அவன் பேச்சைக் கேட்பதாயில்லை.

தீபாவளி லீவு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை.
யார் எங்கே விழுந்தார்கள் என்ற கணக்கு
தே தாரிக் நுரை அடங்குவதற்குள் தொடங்கிவிடும்.

தவமணிக்குப் பெத்தோங் எல்லை.
மலையேறி, வரிசையில் நின்று,
கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் பையைத் திறந்தால்
பாஸ்போர்ட் இருக்க வேண்டிய உறையில்
வாஷிங் மெஷின் வாரண்டிப் புத்தகம்.
"அதுவும் சிவப்புதானே லா" என்கிறாள்.
அதிகாரி சிரிக்கவில்லையாம்.
வாரண்டி எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டாராம்.

ஆரோக்கியத்துக்கு கிரிக் நெடுஞ்சாலை, யானை.
யானை என்றால் முழு யானை இல்லை,
நடு ரோட்டில் லத்தி,
ஆவி பறக்க.
அது போதுமாயிருந்தது அவனுக்கு.
இன்ஜினை அணைத்து நாற்பது நிமிடம் நின்றானாம்.
பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை,
இறங்கி வந்து அவித்த முட்டை ஒன்றை நீட்டியிருக்கிறார்.

"நாற்பது நிமிஷமா? கையில் புத்தகம் இல்லையா?"
நாகேந்திரன்தான்.
எங்கள் பேச்சு எப்படிப் போனாலும்
வெளியேறத் தெரியாமல் வட்டச்சாலையைச் சுற்றுகிறவன் மாதிரி
இங்கே வந்துதான் நிற்கும்.

கலங்கரை விளக்கத்தில் கணக்கெழுதும் ஒருத்தியின் கதை,
முதல் ஐம்பது பக்கம் யாரும் வாயே திறக்கமாட்டார்கள்,
பொறுத்துக்கொள் என்றாள் தவமணி.
மூன்றாம் பக்கத்துக்குள் ஒரு கொலையாவது விழ வேண்டும் எனக்கு
என்றான் ஆரோக்கியம்.
நாகேந்திரன் என்னைப் பார்த்தான்.
"நான் கொடுத்தது?"

சீட்டைத் தூக்கி, மழைக்கோட்டுக்கு அடியிலிருந்து எடுத்துவந்து
மேசையில் வைத்தேன்.

தானா ராத்தாவில் இரவு.
கூடாரம் போட்ட இடத்தில் மண் அல்ல, களி.
ஸ்டாண்டு இறங்கிக்கொண்டே போகிறது,
மோட்டார் குடித்தவன் தோளில் சாய்வதுபோல் சாய்கிறது.
கல்லில்லை, பலகையில்லை, தகரமில்லை.
பையில் அறுநூறு பக்கம் இருந்தது.

இருநூறு கிலோவை
விடியும்வரை தாங்கியது அந்த நாவல்.
எந்த விமர்சகரும் அதைப் பற்றி
இப்படி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்.

அட்டையில் ஒரு குளம்புத் தடம்.
எண்பத்தேழாம் பக்கம்வரை பள்ளம்,
பக்கத்துக்கு இரண்டு சொல் நசுங்கி, கிழிந்து, சேறாகி.

நாகேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான்,
சரியாக இருந்தது.

தவமணி பிடுங்கி, சத்தமாக வாசித்தாள்:
"அன்றிரவு அவள் தன் அண்ணனுக்கு..." பள்ளம். "...அனுப்பிவைத்தாள்."
பணம் என்றாள் அவளே.
கடிதமாயிருக்கும் என்றேன்.
விஷம் என்றான் ஆரோக்கியம், ரோத்தியைக் கிழித்தபடி.
"உன் புத்தகம்தானே, நீயே சொல்லு."

நாகேந்திரன் கிளாசைத் திருப்பினான்.
இன்னொரு முறை திருப்பினான்.
"முப்பத்தொன்றாம் பக்கத்தோடு நான் நிறுத்திட்டேன்."

இரண்டு வருஷம்.
பிறந்தநாள், புதுவீடு, ஆரோக்கியம் காலுடைந்து கிடந்த
ஆஸ்பத்திரி வார்டு என்று
எங்கே போனாலும் இதைத் தூக்கிக்கொண்டு வந்தவன்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கல்லாவிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"பிறகு ஏன்டா எல்லோருக்கும் கொடுத்தே?"
"யாராவது முடிச்சிட்டுச் சொல்வீங்கன்னு."

பில் இருபத்திரண்டு வெள்ளி.
மழை விடவில்லை, நாங்கள்தான் விட்டுக்கொடுத்தோம்.
ரோத்தி கட்டும் பிளாஸ்டிக் பையொன்றைக் கேட்டு வாங்கி
நாவலை அதில் சுற்றி
சட்டைக்குள் செருகிக்கொண்டான் நாகேந்திரன்.

அவன் மோட்டார் நிற்பது தார் ரோட்டில்.
கெட்டியான தார்.
ஆனாலும் ஏறுவதற்கு முன்
ஒரு தரம் குனிந்து பார்த்தான்.