சொந்த விருப்பத்தின் பேரில்

அறுபத்திரண்டு நகல் எடுத்தேன்.
டோனர் தீர்ந்து, கடைசிப் பத்துத் தாள்
சாம்பல் பூத்து வந்தது.
"கையெழுத்து விழுந்தா போதும் சாத்தையா" என்றார் மேனேஜர்.

கோட்டையூர் தாண்டி, கண்மாய்க் கரையோரம்
எங்கள் மில்.
பத்தொன்பது வருஷம் நான் டைம் ஆபீஸ்.
வந்தவர், வராதவர், அரை நாள், லேட்டு
எல்லாரும் என் பேனாவுக்குள் இருந்தார்கள்.

அன்றைக்கு யாரும் வாசிக்கவில்லை.
தொகை எங்கே என்று தேடினார்கள்,
எங்கே போடணும் என்று கேட்டார்கள்.
ஸ்பின்னிங் முனியாண்டி
கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டே
"என்ன எழுதியிருக்கு?" என்றான்.
"வழக்கம்போலதான்" என்றேன்.
எதன் வழக்கம் என்று எனக்கும் தெரியாது.
மில் மூடுவது அதுதான் முதல் தடவை.

வைண்டிங் சவரியம்மாள் மட்டும்
உதடு அசைய வாசித்துப் போய்
ஒரு வரியில் நின்றாள்.
'எனது சொந்த விருப்பத்தின் பேரில்.'
"ஏங்க, நான் எப்ப விருப்பப்பட்டேன்?"
பேனாவை அழுத்தி ஒரு கோடு இழுத்தாள்.
அடித்தாளிலும் பதிந்தது.
அடித்தாள் என்னுடையது.
அவள் தொகை நின்றுபோனது.

வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம்.
என் கணக்கையும் நானே போட்டேன்.
பத்தொன்பது வருஷத்துக்கு
இருநூற்று எண்பத்தைந்து நாள்,
நாளுக்கு அறுநூறு.
ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம்.
சொசைட்டியிலிருந்து இரண்டு வளையலும் தோடும் திரும்பின.
சின்னவளின் பார்மசி பீஸ், மளிகைப் பாக்கி,
மச்சினன் கடன், எனக்கு ஒரு கடைவாய்ப் பல்.
இருநூற்று எண்பத்தைந்து நாள்
எண்பது நாளில் முடிந்தது.

ஓட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில்
வாட்ச்மேன் வேலை இருந்தது.
இங்கிலீஷ் பேசுவீர்களா என்றார்கள்.
எழுதுவேன் என்றேன்.

வேலை போனவனுக்கு மூன்று மாசம்
பாதிச் சம்பளம் இ.எஸ்.ஐ. தருமாம்.
புதுவயல் ரைஸ் மில் டிரைவர் சொன்னான்.
ஒரு பயம் இருந்தது:
இழப்பீடு வாங்கியவனுக்குக் கிடையாது என்பார்களோ?
பதிலைத் தயார் செய்துகொண்டே மாடி ஏறினேன்.
அது உழைத்து முடித்த வருஷங்களுக்கு, ஐயா,
இது இனி வரும் பசிக்கு.
நன்றாகத்தான் இருந்தது.
யாரும் கேட்கவில்லை.

கவுண்டர்ப் பெண்ணுக்குச் சின்னவள் வயசு.
"பணம் வாங்கினது பிரச்சினை இல்ல சார்.
என்ன பேர்ல வாங்கினீங்க, அதுதான்."
விரல் வைத்துக் காட்டினாள்.
"ஆட்குறைப்புன்னு இருந்தா போட்டிருப்பேன்.
விருப்பப்பட்டு வந்தவங்களுக்கு விதி இடம் தராது."
"விருப்பம்னு டைப் அடிச்சதே நான்தாம்மா."
"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள்.

கவுண்டரில் பேனா நூலில் கட்டித் தொங்கியது.
கை தானாக அந்த முறுக்கை உருட்டியது.
நாற்பதாம் நம்பர், இரட்டை இழை.

பெஞ்சில் சவரியம்மாள்.
"உங்களுக்குக் கிடைக்குமே?" என்றேன்.
"ஆட்குறைப்புன்னு மில்லுல ஒரு தாள் வாங்கிட்டு வரணுமாம்.
மில்லுல பூட்டுத்தான் இருக்கு.
கேஸ் லேபர் கோர்ட்டுல. நஷ்டஈடும் வரல, இதுவும் வரல."
கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.
பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு:
"முனியாண்டி நாளைக்கு வர்றாரு.
என்ன எழுதியிருக்குன்னு
உங்கள்ட்டயே கேட்டுக்கச் சொன்னேன்."

ஜன்னல் பக்கம் போய்
என் தாளை வெளிச்சத்தில் சாய்த்தேன்.
'விருப்பத்தின்' மேல் ஒரு பள்ளம்,
இடமிருந்து வலமாக, நேராக.
மை மட்டும் இல்லை.