பதினைந்து விழுக்காடு

பொத்தானை அழுத்திவிட்டு
கெட்டிலை அடுப்பில் ஏற்றுவேன்.
தண்ணீர் முனகி, மாத்தே இலை நனைந்து,
முதல் குடுவையை உறிஞ்சி முடித்து
இரண்டாவது பாதியாகும்போது
திரையில் அந்தப் பச்சை மேடு வரும்.
அதன்மேல் ஐகான்கள் ஒவ்வொன்றாக,
பூசை பாதியில் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் போல.

துறைமுக அலுவலகம் கழித்துப்போட்ட பெட்டி.
தம்பி வாஷிங்டன் மிதிவண்டியில் கட்டிக் கொண்டுவந்தான்.
கடைக்கார யமாண்டு காதை வைத்துக் கேட்டுவிட்டு
"புது வட்டு போட்டுவிடலாம், தெல்மிரா" என்றான்.
விலையும் சொன்னான்.
பழையதையே துடைத்துப் பார்க்கிறேன் என்றேன்.
ரசீதின் முதுகில் மூன்று வரி கிறுக்கித் தந்தான்.

முதல் வரி: குப்பையைக் கூட்டு.
கூட்டினேன்.
தற்காலிகக் கோப்புகளாம், பெயர் அப்படி.
நான்கு வருடமாக வாடகையில்லாமல் இருந்திருக்கின்றன.
தொட்டியில் போட்டதும் தொலைந்ததாக நான் நம்பியவை
தொட்டியிலேயே இருந்தன.

இரண்டாம் வரி: சிதறியதைச் சேர்.
சேர்க்க மாட்டேன் என்றது பெட்டி.
பதினைந்து விழுக்காடு இடம் காலி வேண்டுமாம்.
கூட்டிப் பெருக்கியும் ஒன்பதுதான்.
நியாயம்தான். சின்ன அறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டவர்களுக்குத் தெரியும்,
அடுக்குவதற்கே கொஞ்சம் வெறுந்தரை வேண்டும்.

எதை அழிப்பது?
வாஷிங்டனிடம் இருப்பவை வானொலி ஆட்டங்கள்.
வர்ணனையாளர் குரல் கிழியக் கத்தும் கோல்கள்,
கம்பத்தில் பட்டுத் திரும்பியவற்றுக்கும் அதே கத்தல்.
"உன் சுவர் படங்களை அழி" என்றான்.
உருகுவே ஆறு பய்சாந்துவுக்குள் ஏறி வந்த வருடங்கள் அவை.
ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வாசல் சுவரில் ஒரு பழுப்புக் கோடு,
பக்கத்தில் அளவுநாடா பிடித்த என் கை.
காப்பீட்டுக்காரருக்கென்று எடுத்தேன்.
அவர் வரவேயில்லை.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை,
அவனுக்கும் எனக்கும்.

கடைசியில் ஏழு குறுந்தட்டு வாங்கினோம்.
கோல்கள் நான்கில், வெள்ளங்கள் இரண்டில்.
ஏழாவது தொண்ணூற்றேழில் பிசகியது.
அதை அத்திமரத்தில் கட்டியிருக்கிறான், குருவி விரட்ட.

பிறகு மூன்று மணி நேரம்
சிவப்புக் கோடுகள் நீலமாவதை
நாடகம் பார்ப்பதுபோல் பார்த்தோம்.
யாரும் சலவை இயந்திரத்தைப் போடக் கூடாது, ஃபியூஸ் போய்விடும்.
நடுவில் வட்டு கரகரத்தது.
"இருமுகிறது" என்றான்.
"வாயை மூடு" என்றேன், பெட்டியிடமா அவனிடமா
நினைவில்லை.

மூன்றாம் வரி: வட்டைச் சோதி.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஐந்து படிகள்.
நான்காம் படியிலேயே இரவு முழுக்க நின்றது.
தூக்கத்தில் எழுந்து இரண்டு முறை பார்த்தேன்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல்.
விடிந்ததும் கடைசி வரிகளில் ஒன்று சொன்னது:
முப்பத்திரண்டு கேபி, கெட்ட பகுதிகள்.

யமாண்டுவுக்குத் தொலைபேசினேன்.
அதைச் சரிசெய்ய முடியாது என்றான்.
இங்கே இனி எழுதாதே என்று
வட்டு தனக்குத்தானே குறித்துவைத்துக்கொள்ளுமாம்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். அடுத்த மாதமும் சோதி.
அந்த எண் கூடினால் புது வட்டு வாங்கு. கூடும்."

ஜன்னலுக்கு வெளியே எச்செவெர்ரி வீட்டார்
வாசல் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள்.
இந்த முறை நீலம்.
பழுப்புக் கோட்டின்மேல் ஒரு பூச்சு,
நகராட்சி போட்ட சிவப்புக் குறியின்மேல் இரண்டு.
சிவப்பு அப்படியும் தெரிகிறது.
ஏணி ஆடுகிறது என்று கூப்பிட்டார்கள்,
போய்ப் பிடித்துவிட்டு வந்தேன். தலைமுடியெல்லாம் நீலம்.

பொத்தானை அழுத்தினேன்.
கெட்டில் முனகத் தொடங்கவில்லை,
பச்சை மேடு வந்துவிட்டது.
ஐகான்கள் எல்லாம் வரிசையில் உட்கார்ந்து
என்னைப் பார்க்கின்றன.
காய்ந்த இலையோடு குடுவை கையில் இருக்கிறது.
பின்னறையில் வாஷிங்டன்
அலமாரி உச்சியை அளந்துகொண்டிருக்கிறான்,
ஆறு ஏறினால் பெட்டியை எங்கே தூக்கி வைப்பதென்று.