பால்கனியில் ஆறு பெட்டிகள்

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
பத்துத் தெத்ரி. போட்டால் ஏறும், போடாவிட்டால் நிற்கும்.
முதலீடும் அப்படித்தான் என்று
ஐம்பத்தோரு வயதில் நினைத்தேன்.

நான் பல் கட்டுகிறவன்.
குதாயிசி நகரத்துக் கிழவர்களில் பாதிப் பேர்
என் பற்களால்தான் ரொட்டி கடிக்கிறார்கள்.
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
ஈறு காட்டிக்கொடுத்துவிடும்.
அப்படிப்பட்ட கை
பதினெட்டாயிரம் லரியை
ஒத்தியாவிடம் நீட்டியபோது
நடுங்கக்கூட இல்லை.
நல்ல பல்வரிசை அவனுக்கு.
அதைத்தான் பார்த்தேன்.

முதலில் இரண்டு பெட்டிகள்.
கண்ணுக்குத் தெரியாத நாணயத்தைத்
தோண்டி எடுக்குமாம்.
காதுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது:
குளவிக்கூட்டை விழுங்கிய பிரிட்ஜ் போல
இரவெல்லாம் இரைச்சல்.
கீழ்வீட்டு ஷூரா கரண்டியால் குழாயைத் தட்டினாள்.
அதைக் கைத்தட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் மாதம் லாபம் வந்தது.
கெட்டது அங்கேதான்.
நட்டம் வந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மேலும் நான்கு.
நஸிப்ரோலாவின் முழங்காலுக்கென்று
மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த உறை
மெலிந்துகொண்டே வந்ததை
மாவும் அறியும், நானும் அறிவேன்.
அவளிடம் சொன்ன விலை பாதி.
எனக்கு நானே சொல்லிக்கொண்டது
அதிலும் பாதி.

ஜனவரியில் விலை சரிந்தது.
ஏறும் என்றேன்.
மார்ச்சில் பாதாளத்துக்குப் போனது.
ஏறும் என்றேன்.
மின்கட்டணம் ஏறியது.

போட்ட பணத்தை எடுக்கப் போட்ட பணம்
போட்ட பணத்தைவிட அதிகம்.
இந்த ஒரு வரியை எழுத
எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
வெள்ளைப் பாலத்தில் நின்று ரியோனியைப் பார்த்தேன்.
கலங்கிய மலைத்தண்ணீர், ஏதோ அவசரம் அதற்கு.
நேரே அதற்குள் எறிந்திருந்தால்
மின்கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.

எப்போது கண்டுபிடித்தாளோ, கத்தவில்லை.
அக்டோபரில் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன்.
பெட்டிகள் அனல் துப்பும் பக்கத்தில்
தோல் சீவிய பெர்சிமன் பழங்களை
நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள்.
"எதற்காவது உதவட்டும்" என்றாள்.
பதினொரு கிலோ உலர்ந்தது.
கடித்துப் பார்க்க முடிந்த வருமானம்
அது ஒன்றுதான்.

இந்த வசந்தத்தில் ஒத்தியா வந்தான்,
கன்னம் வீங்கி.
அவனும் நாற்பது பெட்டி வாங்கி
வீட்டை விற்றவனாம்.
வாயைத் திறந்தான். விளக்கைத் திருப்பினேன்.
நான் மெச்சிய வரிசை முழுக்க மேற்பூச்சு,
உள்ளே வேர்வரை சொத்தை.
முப்பது வருடமாக இதே வேலை எனக்கு.

பாதித் தொகை முன்பணம் என்றேன்.
அவன் கண்முன்னே எண்ணினேன்.
மறுபடியும் எண்ணினேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.

நேற்று மைத்துனன் போன் செய்தான்.
கடலோரத்தில் கிவித் தோட்டமாம்,
ஒரு பங்கு மட்டும் மிச்சமாம்.
"எவ்வளவு?"
கேட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.
நஸிப்ரோலா வால்நட் உடைப்பதை நிறுத்தவில்லை.
"வேண்டாம்" என்று சொல்ல
நான் எடுத்துக்கொண்ட நேரத்தில்
எத்தனை கொட்டை உடைந்தது என்று
அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சட்டைப்பையில் இப்போது
எப்போதும் சில்லறை வைத்திருக்கிறேன்.
அவளோ பத்துத் தெத்ரியை மிச்சம் பிடிக்க
ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று
படியேறுகிறாள்.
நான் மேலே லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
கதவு மூட மூடக் கையால் தடுத்து.
மூன்றாம் மாடியில்
அவள் மூச்சு கேட்கிறது.